எதிர் நடைபாதையிலிருந்து பார்த்தால்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த தெரு பழைய தெரு. இரு பக்கமும் வீடுகள் ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு நின்றன. பக்கச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கத்தில் மாட்டிய படம் ஆடும். முன்கதவு நேரே நடைபாதையில் திறக்கும். கதவுக்கு மேலே அரைவட்டமாக மரப்பின்னல், அதற்குள் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடித் துண்டுகள். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த என் தகப்பனார் அந்த வீட்டை வாங்கியபோது, பழைய வீடு என்பதால் மலிவாகக் கிடைத்தது. நான் ஐம்பதை நெருங்கிய காலத்தில், பழைய வீடு என்பதாலேயே அது பாதுகாக்கப்பட வேண்டிய வீடாகிவிட்டது. எங்கள் தெரு முழுவதையும் அப்படி அறிவித்தார்கள்.

விதிகளை மூன்று மொழியிலும் அச்சடித்த ஒரு சிறு புத்தகம் கதவின் கீழால் உள்ளே வந்து விழுந்தது. நான் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். தெருவில் வேறு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. முகப்புக்கு வெளிர் நிறங்கள் மட்டுமே பூசலாம். அலுமினிய ஜன்னல் கூடாது. மரப்பலகைக் கதவு உளுத்துப்போனால் அதே மரத்தில், அதே வடிவில் செய்து போட வேண்டும். கூரைக்கு வளைந்த பழைய ஓடுதான். தண்ணீர்த் தாங்கி தெருவுக்குத் தெரியக்கூடாது. பின்பக்கத்தில் புதிதாகக் கட்டுவதானால் கட்டலாம். ஆனால், எதிர் நடைபாதையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு அது புலப்படக்கூடாது. இந்தக் கடைசி விதியின் கீழ் பென்சிலால் கோடு போட்டேன். நியாயமான விதி என்றுகூட அப்போது நினைத்தேன். நின்று பார்க்கலாம், அளக்கலாம், அதில் யாருடைய மனநிலைக்கும் இடமில்லை.

அது சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்துப் பாதையைப் பூட்டிய பிறகு என் தங்கை மகளோடு கப்பலில் வந்து சேர்ந்தாள். கணவனை இழந்தவள். மகளுக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை வருவதாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஹோல், ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. அறையில் படுத்த படுக்கையாக என் மாமனார். நானும் கணவரும் ஹோலில் படுப்போம். தங்கையும் மகளும் வந்தபின் நாலு பேரும் அதே ஹோலில் பாய் விரித்தோம். பொலிஸ் சோதனைக்கு வந்தபோது வீட்டைச் சுற்றிப் பார்த்த சார்ஜன்ட், ஒரு அறை வீட்டில் இத்தனை பேரா என்று கேட்டார். வடக்கிலிருந்து புதிதாக வந்த இரண்டு பேர், படுக்கக் கட்டில்கூட இல்லாத வீட்டில். அது அவருக்குச் சரியாகப் படவில்லை. தங்கையை நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பகல் முழுவதும் மர வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். மாலையில் விட்டார்கள். பொலிஸ் வைத்திருக்கும் வீட்டுப் பதிவில் அவர்களுடைய பெயரைச் சேர்க்க முடியாது என்றார் சார்ஜன்ட். நான் சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. "ஒரு அறையைக் கட்டுங்க மிஸ். அதுக்குச் சான்றிதழ் கொண்டுவாங்க. அன்றைக்கே பதிஞ்சு தாறேன்," என்றார்.

பதிவில்லாமல் வீட்டில் வைத்திருந்தால் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போவார்கள். ஆகவே தங்கை வெள்ளவத்தைக்குப் போனாள். கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், லொட்ஜ் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஒரு அறை. லொட்ஜ் மனேஜரே பொலிசில் பதிந்து கொடுத்தார். அறையில் சமைக்கக்கூடாது என்பது அங்கே விதி. தங்கை கட்டிலுக்கடியில் ரைஸ் குக்கரை ஒளித்து வைத்திருந்தாள். ரயில் போகும்போது ஜன்னல் சட்டம் நடுங்கும். பக்கத்து அறைகளில் வெளிநாட்டுக்காகக் காத்திருக்கும் பெண்கள், மகனைத் தேடி வந்த தாய்மார், ஏஜென்டின் தொலைபேசிக்காகக் காத்திருந்து களைத்துப்போன பொடியன்கள்.

"எத்தினை நாளைக்கு அக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"அறை எழும்புமட்டும்," என்றேன்.

"எனக்கு அறை வேண்டாம். உங்கட குசினிக்குள்ள படுத்திருப்பன். இவளுக்குத்தான் ஒரு மேசை வேணும்."

"மேசைக்கும் சேத்துத்தான் கட்டுறம்."

குசினிக்கு மேலே கட்டுவதென்று முடிவு செய்தோம். உயரம்தான் கேள்வி. எதிர் நடைபாதையில் நின்றால் எங்கள் ஓட்டுக்கூரையின் முகடு தெரியும். அதற்குப் பின்னால் எவ்வளவு உயரம்வரை மறைந்திருக்கும் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். வரைபடம் கீறியவர் கணக்குப் போட்டுத் தந்தார். எனக்குக் கணக்கு போதவில்லை, கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு காலை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும், கணவர் நீண்ட மூங்கிலொன்றின் நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு குசினிக் கூரையில் ஏறினார். நான் குடையோடு எதிர் நடைபாதைக்குப் போய் நின்றேன்.

"இன்னும் பதியுங்கோ!" என்று கத்தினேன். "இன்னும்! ஆ, காணும், காணும்!" துணி தாழ்ந்து முகட்டுக்குப் பின்னால் மறைந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்து விட்டாள். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது, வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"என்னக்கா இது? பெருநாளுக்கு இன்னும் நாள் கெடக்கே, அதுக்குள்ள கொடியேத்திட்டீங்க?"

"அறை கட்டப் போறம். தெருவுக்குத் தெரியக்கூடாதாம். அதுதான் பாக்கிறன்."

"யாரு சொன்னது?"

"அந்தப் புத்தகம். உங்களுக்கும் வந்திருக்குமே."

"ஓ, அதுவா? அதுல நேத்துதான் மீன் சுத்தம் பண்ணுனேன்." அவள் தன் வீட்டுப் பின்பக்கத்தைக் கையால் காட்டினாள். "போன வருசம் நாங்க மேல பாத்ரூம் கட்டலையா? யாரக் கேட்டோம்? கேக்காமக் கட்டினா அது வீடுக்கா. கேட்டுட்டுக் கட்டினா அது ஃபைலு."

சிரித்தேன். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்தது, அவளைத் தேடிப் பொலிஸ் வருவதில்லை. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கும்: அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், பொலிஸ் பதிவு, வரிப் பற்றுச்சீட்டு, என் வேலையிடத்துக் கடிதம், பாதிரியார் தந்த கடிதம். கதவைத் தட்டினால் முதலில் கை அந்தப் பைக்குத்தான் போகும். அந்நாட்களில் கொழும்பிலிருந்த எங்கள் ஆட்கள் எல்லோருடைய வீட்டிலும் அப்படியொரு பை இருந்தது. தாளில்லாத ஒரு செங்கல்கூட எங்களுக்குக் கட்டுபடியாகாது.

அந்தச் சிவப்புத் துணி கடைசியாக ஒருதரம் மேலே எழும்பித் தாழ்ந்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்த பொலிஸ்காரர் ஒருவர் என்னருகே நிறுத்தினார். துணியைப் பார்த்தார். பிறகு துறைமுகம் இருந்த திசையைப் பார்த்தார்.

"யாருக்குக் கொடி காட்டுறது?" என்றார் சிங்களத்தில்.

"எனக்குத்தான் மாத்தயா."

"உனக்கா? உன்ட வீட்டிலிருந்து உனக்கே கொடி காட்டுறாங்களா?"

நான் புத்தகத்தை எடுத்துக் காட்டி விதியை விளக்கினேன். அவர் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். கணவர் கூரையிலிருந்து இறங்கித் துணிப்பையோடு ஓடிவந்தார். பொலிஸ்காரர் தாள் தாளாகப் பார்த்துவிட்டு, வீட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரி அப்போது உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

வரைபடம் கொடுத்தோம். விதிப் புத்தகத்தை அனுப்பிய கந்தோரில் முதல் அனுமதி கிடைத்தது. கட்டி முடிந்ததும் அதிகாரி வந்து பார்த்து இறுதிச் சான்றிதழ் தருவார். மேசனிடம் உயரத்தை நூல் பிடித்துக் காட்டினேன். வேலை நடந்த ஒவ்வொரு நாளும் மாலையில் எதிர் நடைபாதைக்குப் போய் நின்று பார்த்தேன். சுவர் எழும்பியது, கூரை ஏறியது, ஒன்றும் தெரியவில்லை. முகடும் அதற்குமேல் வானமும்தான். தங்கையின் மகள் ஒருநாள் வந்து, மேசை போடவிருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பெரியம்மா, இஞ்ச ரெயில் சத்தம் இல்லை," என்றாள்.

சீமெந்து காயும் நாட்களில் இராணுவம் வந்தது. எதிர் நடைபாதையில், நான் நின்று பார்த்த அதே இடத்தில், காவலரண் போட்டார்கள். தார் பீப்பாய்களில் மண் நிரப்பி, அதன்மேல் பலகை அடித்து, பலகைக்குமேல் மணல் மூட்டை அடுக்கினார்கள். பின்னாலிருந்த பழைய பண்டகசாலைச் சுவரில் துவாரம் இடித்தார்கள். அதன் ஜன்னலில் இருந்த மரப்பின்னலைப் பெயர்த்துவிட்டுத் தகரம் வைத்தார்கள். அந்தச் சுவரும் புத்தகத்தின்படி பாதுகாக்கப்பட்ட சுவர்தான். தகரத்தின் நிறம் வெளிர் நிறமல்ல. நாங்கள் காட்டிய கொடிதான் அவர்களை அந்த இடத்துக்குக் கூட்டி வந்தது என்று என் கணவர் நம்பினார். நான் நம்பவில்லை. துறைமுகத்தைச் சுற்றிய எல்லாத் தெருவிலும் போட்டார்கள். ஆனால் எங்கள் தெருவில் அதற்கு வேறு இடமும் இருந்தது.

அதிகாரி ஒரு காலை வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் குடை. முன்கதவருகே வந்ததும் உள்ளே வரவில்லை. அண்ணாந்து மரப்பின்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தெருவில இதுதான் மிஸ் நல்லது," என்றார். "ஒரு கண்ணாடிகூட மாத்தல்ல. இப்படிச் செய்ய இப்ப ஆள் இல்ல."

அவர் மனதாரச் சொன்னார். அந்தத் தெருவை அவர் நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒவ்வொரு வீட்டின் கதவும் எந்த மரம் என்று அவருக்குத் தெரியும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டதில்லை.

மேலே போய் அறையைப் பார்த்தார். சுவர், ஜன்னல், கூரை எல்லாம் சரி என்றார். பிறகு விதிப்படி எதிர்ப்பக்கம் போனார். நானும் கூடவே போனேன். நடைபாதையே இல்லை, காவலரண்தான் இருந்தது. அதற்கு முன்னால் றோட்டில் நின்று பார்க்கலாமென்றால் பஸ் வந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் எங்கள் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டு, உதவி செய்யும் எண்ணத்தோடு, "சேர், மேல ஏறிப் பாருங்க. இங்கயிருந்து நல்லாத் தெரியும்," என்று கை நீட்டினான்.

அதிகாரி குடையை என்னிடம் தந்துவிட்டுப் பலகையில் ஏறினார். மணல் மூட்டைமேல் கை வைத்துப் பார்த்தார்.

"தெரியுது மிஸ்," என்றார்.

"என்ன தெரியுது?"

"கூரை. முகட்டுக்கு மேலால. ஒரு சாண் இருக்கும்."

"நீங்கள் பீப்பாய்க்கு மேலே நிக்கிறீங்கள். விதி நடைபாதை எண்டுதானே சொல்லுது."

"நடைபாதை இப்ப இதுதானே."

"அப்ப இந்த மூட்டையளுக்கு அனுமதி இருக்கோ? அந்தச் சுவரில ஓட்டை போட்டிருக்கினம். அந்த ஜன்னலை உடைச்சிருக்கினம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மிஸ், சத்தம் போடாதீங்க. இது தற்காலிகம்."

"என்ர தங்கச்சியும் தற்காலிகந்தான். சண்டை முடிஞ்சதும் போயிடுவாள்."

அவருக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கினதாகக் காட்டவில்லை. சிப்பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அன்ரி, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான். அவனுக்கு என் மகனின் வயதுகூட இருக்காது, எனக்கு மகன் இருந்திருந்தால். அதிகாரி வாங்கிக் குடித்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

கூரையை ஒரு சாண் இறக்கினால் சான்றிதழ் தருவதாக அவர் சொன்னார். இறக்கினோம். மேசன் எங்களைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. இறக்கிய பிறகு கணவர் உள்ளே நிமிர்ந்து நின்றால் உச்சந்தலை கூரை மர வளையில் தட்டும். அதிகாரி மறுபடி வந்தார், பலகையில் ஏறினார், தெரியவில்லை என்றார். பிறகு மேலே வந்து அறையின் உள்ளுயரத்தை அளந்தார். அளந்த நாடாவைச் சுருட்டிக்கொண்டே, ஆட்கள் வசிக்கும் அறைக்கு வேறொரு விதி இருக்கிறது என்றார். அது இந்தப் புத்தகத்தில் இல்லை. எல்லா வீடுகளுக்கும் பொதுவான, பழைய விதி. இவ்வளவு உயரமாவது இருந்தால்தான் அது அறை. இல்லாவிட்டால் சாமான் அறை.

"அப்படியெண்டால் அறையின்ர தரையை இறக்கலாமோ?"

"குசினி வளை பழசு மிஸ். அதத் தொடக்கூடாது."

சாமான் அறைக்கான சான்றிதழை அவர் அங்கேயே எழுதித் தந்தார். நாங்கள் அறையைப் பாவிக்கத் தொடங்கியபின் தான் ஒருமுறை வந்து பார்த்து உறுதிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றார். உண்மையில் எனக்கு ஒரு நன்மை செய்வதாகவே அவர் நினைத்தார்.

அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு சார்ஜன்டிடம் போனேன். அவர் வாசித்தார். "மிஸ், சாமான் அறையில நான் எப்படி ஆட்களைப் பதியுறது? நாளைக்கு என்னைக் கேப்பாங்க." திருப்பித் தந்தார். "வேற வழி பாருங்க." வேறு வழி என்று அவர் எதைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

பக்கத்து வீட்டுக்காரி பின்முற்றத்துச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கேலி செய்ய வந்தவள் என் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். "எங்க வீட்டு மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்குக்கா," என்றாள் முதலில். பிறகு அவளே, "ஆனா எங்க வீட்டுக்காரரு விடமாட்டாரு. கட பக்கத்துல இருக்கே. ஏதாச்சும் ஒண்ணுன்னா," என்றாள். நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

தங்கை லொட்ஜிலேயே இருந்தாள். மகள் கட்டிலை மேசையாக வைத்துப் படித்தாள். நான் வேலை முடிந்து போகும் நாட்களில் மூவரும் கடற்கரை ரயில் பாதையருகே நடப்போம். அவர்கள் அறையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு விடிகாலையில் தொலைபேசி அடித்தது.

"அக்கா, பொலிஸ் வந்து நிக்குது. சாமானைக் கட்டட்டாம்."

"எங்க போறதுக்கு?"

"ஊருக்கு. கீழ பஸ் நிக்குது. கொழும்பில நிக்கிறதுக்குச் சரியான காரணம் இல்லாத ஆக்களெல்லாம் ஏறட்டாம்."

"பிள்ளையின்ர சோதினையைச் சொன்னனியே?"

"சொன்னன். ஊரிலயும் சோதினை நடக்குதுதானே எண்டு கேக்கிறான். அக்கா கொட்டாஞ்சேனையில இருக்கிறா எண்டும் சொன்னன். அப்ப ஏன் நீ அக்கா வீட்டில இல்லை எண்டு கேட்டான்."

"நீ என்ன சொன்னனி?"

"இடமில்லை எண்டன்." பின்னால் யாரோ கத்துவது கேட்டது. அவள் அவசரப்படவில்லை. "பொய்தானே அக்கா? அறை இருக்கெல்லே. இருக்கிற அறையை இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

ஓட்டோ பிடித்துப் போனேன். காலி வீதியில் இரண்டு இடத்தில் இறக்கி, துணிப்பையைப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாத் தாளும் சரியாக இருந்தது. ஒழுங்கைக்குள் நுழைந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. லொட்ஜ் வாசலில் செருப்புகள், ஒரு உடைந்த வாளி, யாருடையதோ தலையணை. மனேஜர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆளுக்கு ஒரு பேக் எண்டு சொல்லிப்போட்டாங்கள் மிஸ். மிச்சமெல்லாம் மேல கிடக்கு. எடுத்துக்கொண்டு போறீங்களோ?" என்றார். பிறகு என்னை அறைக்குக் கூட்டிப்போய், கட்டிலுக்கடியில் இருந்த ரைஸ் குக்கரைக் குனிந்து எடுத்து, என் கையில் தந்தார்.

ஒரு ட்ரங்குப் பெட்டி. ரியூசன் நோட்டுகள், இரசாயனவியலும் உயிரியலும், நாடாவால் கட்டியபடி. தங்கையின் சேலைகள். ஒரு சுருட்டிய பாய். அவற்றை வீட்டில் வைக்க ஒரேயொரு இடம்தான் இருந்தது. கணவர் குனிந்தபடியே ட்ரங்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய், மேசை போடவிருந்த மூலையில் வைத்தார்.

யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்ததால் வழியில் வவுனியாவில் இறக்கிவிட்டார்களாம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்து, பிறகு உறவினர் ஒருவரின் கொட்டிலுக்குப் போனார்கள். வேறு வழி தேடிப் பார்க்கிறேன், திரும்பி வா என்று தொலைபேசியில் பலமுறை கேட்டேன். "வேண்டாம் அக்கா," என்றாள். "இஞ்ச ஆரும் என்னை ஏன் இஞ்ச இருக்கிறாய் எண்டு கேக்கிறேல்லை." மகள் அந்த வருடம் சோதனை எழுதவில்லை. நோட்டுகளை அனுப்பலாமென்றால், பொதி எதையும் வடக்குப் பக்கம் விட மாட்டார்கள் என்றார்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு அதிகாரி, சொன்னபடியே, உறுதிப்படுத்த வந்தார். எவரும் அங்கே படுத்தெழும்புகிறார்களா என்று பார்ப்பது அவருடைய கடமை. குனிந்து உள்ளே போனார். பெட்டியைப் பார்த்தார். சுருட்டிய பாயைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தார், அதன்மேல் படிந்திருந்த தூசியை விரலால் தொட்டார். நோட்டுக் கட்டைப் பார்த்தார். ரைஸ் குக்கரைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"ஓ, சரி. சாமான் அறைதான்," என்று கையெழுத்துப் போட்டார்.

நான் தாளை வாங்கித் துணிப்பையில் வைத்தேன். வெளியே வந்தபோது எதிரே காவலரணில் ஆள் மாறியிருந்தது. அதிகாரி வாசலில் நின்று மறுபடியும் அண்ணாந்து மரப்பின்னலைப் பார்த்தார். ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டு சட்டத்தில் சற்றுத் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து, குடை நுனியால் காட்டினார்.

"இதைக் கவனிங்க மிஸ். விழுந்தா வேற கிடைக்காது."

கவனித்துக்கொண்டேன். அடுத்த கிழமையே தச்சரைக் கூப்பிட்டு இறுக்கிவிட்டேன். அதற்கு அனுமதி தேவையில்லை என்று புத்தகத்தில் இருக்கிறது.